பொன்னாடை சரி, மைக் எங்கே?

கடந்த ஆண்டு ஜூனில் ஒரு திருச்சபை சுற்றுச்சூழல் ஞாயிறு கொண்டாடியது. பேச என்னை அழைத்திருந்தார்கள். சபையின் பெயர் வேண்டாம். சொன்னால் பேச்சு அந்த ஒரு சபையைப் பற்றியதாகச் சுருங்கிவிடும். மற்ற சபைகளும் மடங்களும் ஆதீனங்களும் சௌகரியமாகத் தப்பித்துக்கொள்ளும். மேடையில் குருவானவர்கள் மூன்று பேர், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், நான். கூடவே, பாபநாசம் மலையிலிருந்து வேன் வைத்து அழைத்துவரப்பட்ட இரண்டு காணிப் பெண்கள். நிகழ்ச்சி நிரலில் அவர்களுக்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள்: "பழங்குடியினரைக் கௌரவித்தல்." ஆளுக்கொரு பொன்னாடை, ஆளுக்கொரு மரக்கன்று, ஒரு குழுப்படம். மலையில் மரத்தோடு மரமாக வாழ்கிறவர்களுக்குப் பாளையங்கோட்டையில் மரக்கன்று கொடுத்தோம்!

நான் இருபது நிமிடம் பேசினேன். குறிஞ்சித் திணை, பொதிகை, அகத்தியர் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் பேசினேன். நல்ல கைதட்டல். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த மூத்தவர் மெதுவாகக் கேட்டார்: "எங்களப் பேசச் சொல்லவே இல்லையே டீச்சர்? கேக்க வேண்டியத மனசுல அடுக்கி வச்சிருந்தேன்."

என்ன கேட்க நினைத்தீர்கள் என்றேன். பட்டாவில் தன் பெயரும் வருமா, இல்லை வீட்டுக்காரர் பெயர் மட்டும்தானா என்று கேட்க நினைத்தாராம். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவருக்குக் கிடைக்காமல் போன நேரத்தைத் தின்றவர்களில் நானும் ஒருத்தி.

அவர் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், திருமணமானவர்களுக்கு உரிமை ஆவணத்தைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்தே தர வேண்டும் என்கிறது. குடும்பத் தலைவர் ஒருவரே என்றால் அவர் பெயரில். அது பெண்ணாகவும் இருக்கலாம். கிராம சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும் என்பது விதி. இந்தச் சட்டத்தின்கீழ் பட்டா தருவதே தமிழ்நாட்டில் பல வருடங்கள் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் முடங்கிக் கிடந்தது என்பது வேறு கதை. படைப்பைக் காப்போம் என்று பேனர் கட்டிய அந்தக் கூட்டத்தில் இந்தச் சட்டத்தின் பெயரை ஒருவர்கூட உச்சரிக்கவில்லை. நானும் உச்சரிக்கவில்லை.

இங்கே என் பகுத்தறிவுத் தோழர்கள் குறுக்கிடுவார்கள்: "மதத்திடம் போய் நீதி கேட்டால் பொன்னாடைதான் கிடைக்கும்." கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த மாவட்டத்தின் வரலாறு அதற்கு ஒத்துவரவில்லை. கூடங்குளம் அணு உலைக்கு எதிரான போராட்டம் இடிந்தகரையில் லூர்து மாதா கோயில் முன்னால் போட்ட பந்தலில்தான் வருடக்கணக்கில் உயிரோடு இருந்தது. 2011 செப்டம்பரில் அங்கே 127 பேர் காலவரையற்ற உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். கோயில் மணி அடித்தால் ஊர் கூடியது. கட்சிகள் வந்தன, படம் எடுத்துக்கொண்டு போயின. பந்தலைவிட்டுப் போகாதவர்கள் பெண்கள். ஒரு கையில் ஜெபமாலை; மடியில் முறம், பீடி இலை. உலையைப் பற்றிப் பேசியபடியே பீடி சுற்றினார்கள், ஏனென்றால் அன்றைய கூலியை யாரும் கொண்டுவந்து தரப்போவதில்லை.

2012 செப்டம்பர் 9ஆம் தேதி கடற்கரை வழியே உலையை நோக்கி நடந்தார்கள். மறுநாள் கண்ணீர்ப்புகை, தடியடி. காவலர்கள் கோயிலுக்குள் புகுந்ததாக ஊர் கொதித்தது. மணப்பாட்டில் ஒரு மீனவர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பெண்கள் திருச்சி சிறைக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கானவர்கள்மீது தேசத் துரோக வழக்கு. தூத்துக்குடி மறைமாவட்டச் சங்கத்தின் வெளிநாட்டு நிதிக் கணக்கை மத்திய அரசு முடக்கியது. அடுத்த வருடம் ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கிவிட்டது.

அந்த நாட்களில் அரசுத் தரப்பு திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: பாதிரியார்கள் தூண்டிவிடுகிறார்கள். கோயில் தரப்பிலிருந்து வந்த பதில்: எங்கள் மக்கள் அப்பாவிகள், ஏழைகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். ஒன்று திட்டுகிறது, மற்றொன்று அணைத்துக்கொள்கிறது. ஆனால் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கதிர்வீச்சைப் பற்றித் தெளிவாகப் பேசிய அந்தப் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு மூளை இருக்கலாம் என்று இரண்டுமே நினைக்கவில்லை. மாதா அவர்களை வழிநடத்தினாள் என்று பிறகு பிரசங்கம் செய்தார்கள். மாதாவைப் போராட்டத்துக்கு அழைத்து வந்ததே அவர்கள்தான் என்று ஏன் சொல்லக் கூடாது? பலிபீடத்தில் நிற்க அவர்களுக்கு இடமில்லை, பந்தலில் பட்டினி கிடக்க மட்டும் இருந்தது.

இது கத்தோலிக்கர்களின் தனிச்சொத்தல்ல. தாமிரபரணியைத் தாய் என்கிறோம். 2018 அக்டோபரில் 144 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மகாபுஷ்கரம் என்று சொல்லி, படித்துறை படித்துறையாக அவளுக்கு ஆரத்தி எடுத்தார்கள். லட்சக்கணக்கில் முங்கினார்கள். மாநகரச் சாக்கடை அதே தாயின் மடியில்தான் கலந்துகொண்டிருந்தது. பாபநாசத்தில் பரிகாரம் செய்கிறவர்கள் உடுத்த துணியை ஆற்றோடு விடுகிறார்கள். பாவம் போய்விடுகிறது, துணி போவதில்லை. ஊறிக் கனத்த அந்தச் சேலைகளையும் வேட்டிகளையும் தண்ணீரில் இறங்கி இழுத்துப் போடுகிற தூய்மைப் பணியாளர்கள் எந்தச் சாதி, அவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்று எந்த ஆரத்திக்காரரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இன்னும் மேலே ஏறினால் காரையாறு சொரிமுத்தையனார் கோயில். ஆடி அமாவாசைக்குப் புலிகள் காப்பகத்துக்குள் லட்சக்கணக்கானோர் போகிறார்கள், குடில் போட்டுத் தங்குகிறார்கள். அந்தக் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பு காணிக்கை வைக்கும் வழக்கம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையின் நாயகன்தான் அவன். பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் வீட்டுச் சகோதரிகள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணப்பதற்காகக் குடுமியையும் பூணூலையும் அறுத்தெறிந்து, செருப்புத் தைக்கப் பழகி, மாடு காக்கும் சண்டையில் செத்தவன். அவனோடு அவர்கள் இருவரும் தீயில் இறங்கினார்கள். எப்பேர்ப்பட்ட கதை! சாதியை விட்டவனைச் சாமியாக வைத்திருக்கும் காடு இது. ஆனால் விட்டது அவன், எரிந்தது அவர்கள். தோல் தொழில் அவர்கள் வீட்டுடையது. காணிக்கைச் செருப்பு அவனுக்கு. அந்தச் சாமியின் திருவிழாவுக்கே சாதிக் கொடி கட்டிய வண்டிகள் மலையேறுவதை நான் பார்த்திருக்கிறேன். காணிகளோ அந்தக் காட்டில் வருடம் முழுக்க இருப்பவர்கள். அவர்கள் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் போடுவதென்றாலும் யாரிடம் அனுமதி கேட்பது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

வெளியே பார்த்தால் ஆறுதல் கிடைக்குமா? 2015இல் போப் பிரான்சிஸ் பூமியைப் பற்றி எழுதிய சுற்றுமடலை நான் மதிக்கிறேன். என் மாணவிகளுக்கு வகுப்பில் சொல்லியுமிருக்கிறேன். 2019 அக்டோபரில் அமேசான் பழங்குடிகளுக்காக ரோமில் ஆயர் மாமன்றம் கூடியது. பழங்குடிப் பெண்கள் வந்து பேசினார்கள். ஓட்டு மட்டும் அவர்களுக்கு இல்லை. அந்த மாமன்றம் நடந்துகொண்டிருந்தபோதே, கர்ப்பிணியான பழங்குடிப் பெண்ணின் மரச்சிற்பங்களை ஒரு தேவாலயத்திலிருந்து திருடி டைபர் நதியில் எறிந்தார்கள், விக்கிரகம் என்று சொல்லி. போப் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அடுத்த பிப்ரவரியில் வந்த அவருடைய மடல், அமேசான் காட்டுக்குள் குருக்களே எட்டிப் பார்க்காத ஊர்களில் விசுவாசத்தைக் கட்டிக் காத்தவர்கள் பெண்கள்தான் என்று புகழ்ந்துவிட்டு, அவர்களுக்குக் குருப்பட்டம் தேவையில்லை என்று முடித்துக்கொண்டது. புகழ்ச்சியும் ஒரு பொன்னாடைதான். தென்னிந்தியத் திருச்சபை 1976 முதல் பெண்களுக்குக் குருப்பட்டம் தருகிறது, உண்மை. நம் ஊர்களில் பிரசங்க பீடத்தில் எத்தனை ஞாயிறு ஒரு பெண்ணைப் பார்த்தீர்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஐயரம்மாவைத்தான் பார்த்திருப்போம், அதுவும் சமையல் பக்கம்.

மாஞ்சோலையைப் பற்றி நிதானமாக எழுத எனக்கு வரவில்லை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருடக் குத்தகைக்கு விட்ட காடு. கீழிருந்து கூட்டிப்போன கூலிகள், பெரும்பாலும் தலித்துகள், காட்டைத் தேயிலையாக்கினார்கள். 1999 ஜூலை 23ஆம் தேதி கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்தவர்களை விடச் சொல்லியும் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் வந்தவர்களைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். அதில் பெண்கள் இருவர், கைக்குழந்தை ஒன்று. நாம் ஆரத்தி எடுக்கிற அதே ஆறு. 2024இல் கம்பெனி தோட்டத்தை மூடி, விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்து வாங்கியது. அந்த டிசம்பரில், தேயிலைக் கழகமே தோட்டத்தை எடுத்து நடத்தட்டும் என்ற கோரிக்கையை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. காடு காட்டுக்கே திரும்ப வேண்டும் என்கிறார்கள். காலநிலை மாற்றத்தை நம்புகிற நானும் அதை மறுக்க மாட்டேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது மலையும் காடும் எவ்வளவு முக்கியம் என்று பார்த்தோம். வெள்ளம் வடிந்த வீடுகளில் சேற்றை வழித்துக் கொட்டியது யார் என்பதையும் பார்த்தோம். ஆனால் காட்டைத் திருப்பித் தருவதற்கான விலையை, இலை பறித்து விரல் கறுத்த பெண்தான் கொடுக்க வேண்டுமா? தோட்டத்தில் கோயிலும் இருந்தது, தேவாலயமும் இருந்தது. எத்தனையோ ஞாயிறுகள் அங்கே காணிக்கைப் பை சுற்றி வந்திருக்கிறது.

அந்த வருடம் என் வகுப்பு மாணவி ஒருத்தி உதவித்தொகைப் படிவத்தோடு வந்தாள். "மேம், நிரந்தர முகவரின்னு போட்டிருக்கு. எதை எழுத?" தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய நான் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவளே லயன் வீட்டு எண்ணை எழுதினாள்.

இந்த ஜூனுக்கும் அதே சபையிலிருந்து அழைப்பு வந்தது. வருகிறேன், ஆனால் என் நேரம் முழுவதையும் அந்த இரண்டு பெண்களுக்குக் கொடுங்கள் என்று எழுதினேன். வன உரிமைச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைக் கீழே உட்கார வையுங்கள், அவர்கள் கேட்பதற்கு அவர் பதில் சொல்லட்டும். காணிக்கையில் ஒரு பகுதி மனு எழுதும் செலவுக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் போகட்டும். பொன்னாடை வேண்டாம். நிகழ்ச்சி நிரல் ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டதாகவும், ஜெபித்துவிட்டுச் சொல்வதாகவும் பதில் வந்தது. ஜூன் முடிந்துவிட்டது. இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள்.