பிடி கொடுக்காத கதவு

ஒரு காலத்தில் ஃப்ரிட்ஜ் கூடத்தில்தான் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றியதும் வந்தவர் கண்ணில் அதுதான் முதலில் படும். மேலே குரோஷா துணி, அதன்மேல் பிளாஸ்டிக் ரோஜா, பக்கத்தில் கல்யாண போட்டோ. கோத்ரெஜ் 1958இல் உள்நாட்டிலேயே ஃப்ரிட்ஜ் தயாரிக்கத் தொடங்கிய பிறகும் நடுத்தரக் குடும்பத்துக்கு அது வெகுகாலம் ஓர் அந்தஸ்து அறிவிப்பாகவே இருந்தது. கைப்பிடி பளபளவென்றிருக்கும். பூட்டும் உண்டு; சாவி வீட்டு அம்மாளின் முந்தானை முடிச்சில்.

இன்று தெற்கு தில்லியிலும் குருகிராமிலும் வசதியானவர்கள் புதிதாகக் குடிபோகும் ஃப்ளாட்டுகளில் ஃப்ரிட்ஜ் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. குளிர்ந்த தண்ணீர் கேட்டால் வீட்டுக்காரர் எழுந்துபோய்ச் சுவரோரத்தில் விரல் நுழைத்து இழுக்கிறார். சுவர் திறந்துகொள்கிறது! வாங்கியதைக் காட்டிக்கொள்ள அன்று செலவழித்தோம். வாங்கியதை மறைக்க இன்று அதைவிட அதிகமாகச் செலவழிக்கிறோம்.

இதில் இரண்டு நாகரிகங்கள் கைகோத்திருக்கின்றன. ஒன்று, அலமாரிக்குள் பதிக்கும் ஃப்ரிட்ஜ். இது மொட்டையான முகத்தோடு வரும். அலமாரிக் கதவையே அதற்கு முகமாக மாட்ட வேண்டும். மற்றது, கைப்பிடி இல்லாத கதவு. ஜெர்மனியின் சீமாட்டிக் நிறுவனம் 1960இல் கொண்டுவந்த 6006 என்ற சமையலறை இந்த வகையின் முன்னோடி. கைப்பிடிக்குப் பதில் விரல் நுழைய நீளவாக்கில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். தில்லியின் மரச்சாமான் சந்தையான கீர்த்தி நகரில் இப்போது அந்தப் பள்ளத்துக்கான அலுமினியச் சேனலை 'கோலா ப்ரொஃபைல்' என்று கேட்டு வாங்குகிறார்கள். கோலா என்றால் இத்தாலிய மொழியில் தொண்டை. இங்கே வாங்குகிறவர்களுக்கு ஐஸ் கோலாதான் ஞாபகம் வரும். ஃப்ரிட்ஜுக்கு அதுவும் பொருத்தம்தான்.

தனித்தனியாக இரண்டும் நல்ல யோசனைகளே. கரண்டி வைக்கும் இழுப்பறைக்கும் பருப்பு டப்பா அலமாரிக்கும் விரல் பள்ளம் தாராளமாகப் போதும். ஃப்ரிட்ஜ் கதவுக்கு வரும்போதுதான் தகராறு.

சில மாதங்களுக்கு முன் இப்படியொரு ஃப்ரிட்ஜின் பொருத்தும் கையேடு என்னிடம் மொழிபெயர்ப்புக்கு வந்தது. (பத்திரிகைச் சம்பளத்தில் தில்லியில் குடும்பம் நடத்துகிறவர்கள் எது வந்தாலும் மொழிபெயர்ப்பார்கள்.) 'இன்டக்ரேட்டட்' என்ற சொல்லே முதலில் தடுக்கியது. 'ஒருங்கிணைந்த' என்று போட்டால் மாநாட்டுத் தீர்மானம் மாதிரி இருக்கிறது. 'ஒருமைப்பாட்டு' என்றால் தேசியப் பிரச்சினையாகிவிடும். நகையில் கல் பதிப்பதை நினைத்துக்கொண்டு 'பதிக்கும் ஃப்ரிட்ஜ்' என்று முடித்தேன். சொல்லைவிட வேறொன்றுதான் அதிகம் உறுத்தியது. திருகாணியின் நீளம் வரை எல்லாமும் அதில் இருந்தன. அந்தக் கதவை இழுக்கப்போகும் கையைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

அலமாரிக் கதவைப் போலத் தொட்டதும் வருவதல்ல ஃப்ரிட்ஜ் கதவு. அதைச் சுற்றி ரப்பர் விளிம்பு, அதற்குள் காந்தப் பட்டை. குளிர் கசியாமல் காப்பது அதுதான். நாம் இழுக்கும்போது எதிர்த்து நிற்பதும் அதுதான். ஃப்ரீஸரில் இன்னொரு எதிரியும் சேர்ந்துகொள்கிறது. திறந்த நேரத்தில் உள்ளே போன 30 டிகிரி காற்று, மூடிய பிறகு மைனஸ் 18 டிகிரிக்குக் குளிர்கிறது. அப்படிக் குளிரும் காற்று ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுருங்கப் பார்க்கும். உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று கதவை அழுத்திப் பிடிக்கிறது. ஐஸ் தட்டை எடுத்து மூடிவிட்டு, பட்டாணியை மறந்துவிட்டோமே என்று உடனே இழுத்தால் கதவு அசையாதது இதனால்தான். கொஞ்ச நேரம் பொறுத்தால் விளிம்பு வழியே காற்று கசிந்து சரியாகிவிடும். பழைய கைப்பிடி இருந்தபோது யாரும் பொறுக்கவில்லை. கீலிலிருந்து தூரமான ஓரத்தில், நாலு விரலும் வளைந்து பற்றும்படி அது இருந்தது. கிட்டத்தட்ட ஒரு நெம்புகோல். அந்த வேலையை இப்போது இரண்டு விரல் நுனிகளிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

நொய்டாவில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு வயது 76. விரல் மூட்டுகளில் வாதம். மகன் ஃப்ளாட்டைப் புதுப்பித்தபோது சமையலறை முழுவதும் வெள்ளை, ஒரு கைப்பிடி கிடையாது. மேலே ஃப்ரிட்ஜ், கீழே ஃப்ரீஸர். இரண்டு கதவுகளும் சந்திக்கும் இடத்தில், கீழ்க் கதவின் மேல் விளிம்பைச் சரிவாகச் சீவி, அதுதான் பிடி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் கான்ட்ராக்டர். ஃப்ரீஸரைத் திறக்க வேண்டுமானால் குனிந்து, அந்தச் சந்தில் விரல் நுனியை மாட்டி இழுக்க வேண்டும்.

"நான் கதவை இழுக்கிறேனா, கதவு என்னை இழுக்குதான்னே தெரியலைடி" என்றார் பெரியம்மா. தேங்காய்த் துருவல் எடுக்க அவர் கண்டுபிடித்திருந்த வழி தோசைத்திருப்பி. அதைச் சந்தில் விட்டு நெம்புவார். இரண்டே மாதத்தில் லாமினேட் ஓரம் பெயர்ந்து உள்ளே இருந்த பலகை தெரிய ஆரம்பித்துவிட்டது. சமையலுக்கு வரும் ஜார்கண்ட் பெண்ணுக்கு வேறு கஷ்டம். சப்பாத்தி மாவு பிசைந்த கையோடு அந்தச் சந்தில் விரலை விட முடியாது. கை கழுவிவிட்டு ஈரக்கையோடு விட்டால் வழுக்குகிறது. கைப்பிடி இருந்தால் புறங்கையை மாட்டித் திறந்துவிடுவாள். முன்பு வேலை செய்த வீட்டில் அப்படித்தான் செய்தாளாம். சமையலறைக்கு வரைபடம் போட்டபோது இந்த இருவரையும் யாரும் கேட்கவில்லை. அடுப்படியில் அதிக நேரம் நிற்பவர்கள் என்னவோ அவர்கள்தாம்.

வந்த மிஸ்திரி சஹாரன்பூர்க்காரர். ஃப்ரிட்ஜை விட்டுவிட்டுப் பக்கத்து அலமாரியைத்தான் அவர் முதலில் அளந்தார். ஃப்ரிட்ஜ் நிற்கும் அலமாரியில் கை வைக்க முடியாது. வெளியகலம் 60 செ.மீ.; இரண்டு பக்கப் பலகைகள் போக, இயந்திரத்துக்குத் தேவையான 56 செ.மீ.தான் மிஞ்சும். பள்ளத்துக்கு அங்கே இடமில்லை. "பக்கத்து அலமாரியில் எனக்கு நாலு சென்டிமீட்டர் கொடுங்கள், விரலுக்கு வழி செய்கிறேன்" என்றார். மசாலா பாட்டில் அலமாரியைக் குறுக்கி, கதவு திறக்கும் பக்கமாக, இரண்டு அலமாரிகளுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு சேனலை நிறுத்தினார். இப்போது மேல் கதவையும் கீழ்க் கதவையும் பக்கவாட்டில், நாலு விரலும் உள்ளே போகும்படி பற்றி இழுக்கலாம். வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. "நாலு சென்டிமீட்டருக்கா இந்தப் பாடு?" என்றார் பெரியம்மா.

கைப்பிடியின் கதையில் இதைவிடத் துக்கமான அத்தியாயம் ஒன்று உண்டு. பழைய ஃப்ரிட்ஜுகளின் கைப்பிடி, கொக்கியோடு சேர்ந்த தாழ்ப்பாள். வெளியிலிருந்துதான் திறக்கும். அமெரிக்காவில் வீட்டுக் கொல்லையில் வீசப்பட்ட ஃப்ரிட்ஜுகளுக்குள் கண்ணாமூச்சி விளையாடப் புகுந்த குழந்தைகள் மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறி இறந்தார்கள். ஒன்றிரண்டு அல்ல, பல சம்பவங்கள். 1956 ஆகஸ்டில் அந்த நாடு ஒரு சட்டம் போட்டது. 1958 அக்டோபர் இறுதிக்குப் பிறகு தயாராகும் வீட்டு ஃப்ரிட்ஜின் கதவு உள்ளிருந்து தள்ளினால் திறந்தாக வேண்டும். அதற்கான விதியில் சொன்ன விசை 15 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 7 கிலோ எடை. தாழ்ப்பாள் போய்க் காந்தப் பட்டை எங்கும் வந்தது இதற்குப் பிறகுதான். தாழ்ப்பாள் இருந்தவரை கைப்பிடியை எடுத்திருக்கவே முடியாது. இன்றைய மொழுமொழு சமையலறைக்கு அழகுணர்ச்சியைப் போலவே அந்தக் குழந்தைகளும் ஒரு காரணம். நம் ஊர் ஃப்ரிட்ஜில் பூட்டு இன்னும் தொடர்வதால் ஒன்று சொல்ல வேண்டும்: பழையதைக் கபாடிக்காரரிடம் போடும்போது கதவைக் கழற்றித் தனியாகக் கொடுங்கள்.

கதவை மாட்டுவதில் இரண்டு முறைகள். ஒன்றில் மரப்பலகையை ஃப்ரிட்ஜ் கதவின்மீது நேரடியாகத் திருகிவிடுவார்கள். பலகையின் பாரம் முழுவதையும் ஃப்ரிட்ஜின் கீல் சுமக்கும். இன்னொன்றில் அலமாரிக் கதவு தன் சொந்தக் கீலில் தொங்கும். ஃப்ரிட்ஜ் கதவு தன் கீலில் நிற்கும். இரண்டும் திரும்பும் அச்சு வேறு என்பதால் நடுவே ஒரு சறுக்குப் பட்டை. முதல் வகை உறுதியானது. ஆனால் பலகை எத்தனை கிலோ வரை இருக்கலாம் என்று தயாரிப்பாளர் வரம்பு போட்டிருப்பார். இங்கே மேலே கண்ணாடியோ கனத்த பலகையோ ஒட்டி அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார்கள். கீல் தொய்கிறது, ரப்பர் விளிம்பு ஒரு மூலையில் ஒட்டாமல் நிற்கிறது. எந்த முறையானாலும் மரக்கதவு அலமாரியில் போய் முட்டுவதற்கு முன்பே ரப்பர் விளிம்பு முழுதாக ஒட்டிவிட வேண்டும். மிஸ்திரி அழகுக்காக அந்த மயிரிழை இடைவெளியை இறுக்கிவிட்டால், வெளியே கதவு மூடியிருக்கும், உள்ளே திறந்திருக்கும். ஃப்ரீஸரில் பனி பூக்கும். கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். மின் கட்டணம் வந்த பிறகுதான் விஷயம் புரியும்.

மறைத்துவைத்த ஃப்ரிட்ஜுக்கும் மூச்சு வேண்டும். உள்ளிருந்து எடுத்த வெப்பத்தை அது எங்காவது விட்டாக வேண்டும். அடியில் ஸ்கர்ட்டிங் வழியாகக் காற்று நுழைந்து, முதுகுப்புறமாக ஏறி, மேலே வெளியேற வேண்டும். அதற்குப் பல தயாரிப்பாளர்கள் கேட்கும் திறப்பு குறைந்தது 200 சதுர செ.மீ. கரப்பான் வரும் என்று ஸ்கர்ட்டிங்கை அடைத்து, பார்வைக்கு நன்றாக இல்லை என்று மேலே பலகை போட்டு மூடிவிடுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஐரோப்பாவில் இதைத் தாங்கிக்கொள்ளலாம். மே மாதத் தில்லியில் முடியாது. இயந்திரத்தின் பெயர்ப் பட்டையில் எஸ்என், என், எஸ்டி, டி என்று எழுத்துகள் இருக்கும். சுற்றுப்புற வெப்பம் எதுவரை போனால் அது ஒழுங்காக வேலை செய்யும் என்பதற்கான வகுப்பு அது. என் என்றால் 32 டிகிரி, எஸ்டி 38, டி 43. தில்லியில் சில நாள்கள் 45ஐத் தாண்டுவதை நினைத்தால் டிக்குக் குறைந்து வாங்கவே கூடாது.

விரலே வேண்டாம், தட்டினால் போதும் என்கிற வழியும் உண்டு. அலமாரிகளுக்குப் போடும் சாதாரண அமுக்கு ஸ்பிரிங் இங்கே செல்லாது. காந்தப் பட்டையை எதிர்க்க அதற்குத் தெம்பில்லை. ஆஸ்திரியாவின் ப்ளம் நிறுவனம் இதற்கென்றே சர்வோ டிரைவ் ஃப்ளெக்ஸ் என்ற மின் கருவியை விற்கிறது. பலகையைத் தட்டினால் மோட்டார் கதவைச் சற்றே தள்ளித் திறக்கும். சில விநாடிகளில் நாம் இழுக்காவிட்டால் மறுபடி மூடிவிடும். வாதம் வந்த கைகளுக்கும் மாவுக் கைகளுக்கும் உண்மையிலேயே இது வரம், முழங்கையால் தட்டலாம். விலைதான் சாமானியர்களுக்கு எட்டாது. இன்வெர்ட்டரில் சேர்க்காத வீட்டில் மின்சாரம் போனால் மோட்டாரும் போய்விடும் என்பதால், விரல் நுழைய ஓர் ஓரம் விட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வாங்கும் வரிசையைத் திருப்ப வேண்டும். நம் வழக்கம், சமையலறை முழுவதும் முடிந்து பால் காய்ச்சிய பிறகு, மிச்சமிருக்கும் பணத்தில் ஃப்ரிட்ஜ் பார்க்கப் போவது. பதிக்கும் வகைக்கு அது ஆகாது. மேல் கதவும் கீழ்க் கதவும் எந்த உயரத்தில் பிரிகின்றன, கீல் எந்தப் பக்கம், பலகை எத்தனை கிலோ தாங்கும் என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும். மாடலை முடிவு செய்து, அதன் அளவுத்தாளை மிஸ்திரி கையில் கொடுத்த பிறகுதான் முதல் பலகையை அறுக்க விட வேண்டும். அறுப்பதற்கு முன், அந்தச் சமையலறையில் தினம் நிற்கப்போகிறவரைக் கூப்பிட்டு, ஃப்ரீஸர் எந்த உயரத்தில் வந்தால் குனியாமல் எட்டும் என்று சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.