உடல்மீது வைக்கப்படும் சுருள்கள்

எம்.ஆர்.ஐ. பரிசோதனையின்போது மார்பின்மீதோ வயிற்றின்மீதோ ஊழியர் ஒரு விரிப்பைப் பொருத்துகின்றனர். அதைப் பாதுகாப்புக் கவசம் என்றே பலர் கருதுகின்றனர். உண்மையில் உடலிலிருந்து எழும் மிக நுண்ணிய வானொலி அலைகளை வாங்கும் கம்பிச்சுருள்களின் தொகுப்பே அது.

சிறிய சுருள், அருகிலுள்ள உறுப்பின் அலைகளைத் தெளிவாகப் பெறும். பரந்த பகுதியைக் காணப் பல சுருள்கள் வேண்டும். ஆனால் நெருங்கி அமைந்த சுருள்கள் ஒன்று பெற்றதை மற்றொன்றுக்குக் கடத்தும். படத்தின் தெளிவு குன்றும். அடுத்தடுத்த சுருள்களை உரிய அளவில் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அமைத்தால் இக்குறை பெரிதும் நீங்கும் என்று ரோமரும் அவருடைய குழுவினரும் 1990இல் விளக்கினர். தொலைவிலுள்ள சுருள்களின் தாக்கத்தைத் தனிவகைப் பெருக்கிகள் தணிக்கின்றன.

இத்துணை நுட்பமாக அமைந்த கருவியும் உடலைவிட்டு விலகினால் பயன் குறையும். எனவே, அதைச் சரியாகப் பொருத்தச் செலவாகும் சில நிமிடங்களை வீண் தாமதம் என எண்ணலாகாது என்பதே எம் கருத்து. அதே வேளையில், மேலே வைக்கப்படுவது இன்னது என நோயாளிக்குச் சொல்வது ஊழியரின் கடமை என்றும் கருதுகிறோம். காரணம் அறிந்தவர் அச்சமின்றி அசையாதிருப்பார்.

விரிப்பையோ அதன் கம்பியையோ நீங்களே நகர்த்த வேண்டாம். அது அழுத்தினாலோ உடலில் எங்கேனும் சூடு தோன்றினாலோ பொறுத்துக்கொள்ளாதீர்கள். கையில் தரப்பட்டுள்ள அழைப்புப் பந்தை உடனே அழுத்துங்கள். தயங்காமல் அழைப்பது உங்கள் உரிமை.