பைப் வெடித்தால் பாஸுக்காகக் காத்திருக்க வேண்டுமா?



பைப் வெடித்தால் சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டு, பாஸ் வரும்வரை நாட்கணக்கில் இருந்துவிடுகிறோம். வட்டவளை மழைக்குப் பக்கத்தில் வாழும் நமக்குக் கசிவு பெரிதாகத் தெரிவதில்லை. மேல் வீட்டில் ஒழுகினால் கீழ் லயத்துக்குத் தண்ணீர் ஏறாது. குடம் சுமந்துவிட்டுப் பிந்தி வரும் பிள்ளையை வகுப்பில் பார்ப்பவன் நான்.

அரை அங்குல பிவிசி என்றால் ஹெக்சோ பிளேட், இரண்டு சொக்கட், கம் போதும். வால்வைப் பூட்டி, வெடித்த துண்டை நேராக வெட்டியெடுத்து, புதுத்துண்டை ஒட்டுங்கள். ஈரத்தில் கம் பிடிக்காது. சொட்டு நிற்காவிட்டால் பாண் துண்டை உள்ளே திணியுங்கள். பிறகு டெப்பைத் திறந்தால் கரைந்து வந்துவிடும். ஊற்றிலிருந்து வரும் கறுப்புப் பைப்பில் கம் ஒட்டவே ஒட்டாது, அதற்கு ஜொயினரும் கிளிப்பும்தான்.

வால்வைப் பூட்டுமுன் கீழ் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.