ஆயிரம் வாட்ஸ் என்று போட்டிருந்தால் உலோகம் உருகிவிடுமா?

இரண்டு மாஸ்ஃபெட், வரிசையாகச் சில கெபாசிட்டர்கள், செம்புக் குழாயில் வளைத்த ஒரு காயில். "1000 வாட்ஸ் இண்டக்‌ஷன் ஹீட்டர்" என்று ஆன்லைனில் மலிவாக விற்கும் போர்டில் இருப்பது அவ்வளவுதான். விளம்பர வீடியோவில் காயிலுக்குள் ஒரு ஆணியை நீட்டுகிறார்கள். சில வினாடிகளில் செக்கச்செவேல் என்று ஆகிவிடுகிறது. உடனே வீட்டிலேயே செம்பு உருக்கலாம் என்று ஆசை வருகிறது. இங்கேதான் பலருடைய பாக்கெட் மணி கரைகிறது!

முதலில் அந்த 1000 வாட்ஸ். 48 வோல்ட், 20 ஆம்பியர் கொடுத்தால் போர்டு இழுக்கும் மின்சாரம்தான் அது. உலோகத்துக்குப் போய்ச் சேர்வது அதைவிடக் குறைவு. காயிலும் மாஸ்ஃபெட்டும் தங்கள் பங்கைச் சூடாக எடுத்துக்கொள்கின்றன. 12 வோல்ட், 10 ஆம்பியர் சப்ளையை மாட்டினால் உள்ளே போவதே 120 வாட்ஸ்தான்.

அடுத்து, ஆணி இரும்பு. காந்தத்தன்மை இருப்பதால் சுலபமாகச் சூடேறும். சுமார் 770 டிகிரியில் அந்தத் தன்மை போனதும் வேகம் குறைந்துவிடும். இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். செம்புக்கு 1085 டிகிரி போதும். ஆனால் அதன் மின்தடை மிகக் குறைவு, நேரடியாகச் சூடேறாமல் அடம்பிடிக்கும். அதனால் கிராஃபைட் மூசையில் போட்டு, மூசையைச் சூடாக்கி உருக்க வேண்டும்.

100 கிராம் செம்பு உருகச் சுமார் 60 கிலோஜூல் தேவை. 300 வாட்ஸ் முழுதாகப் போய்ச் சேர்ந்தால் 200 வினாடி. மூசையும் சூடாக வேண்டும், வெளியே ஓடும் வெப்பத்தையும் ஈடுகட்ட வேண்டும் என்பதால் நிஜத்தில் அதைவிட நேரமாகும். சுற்றிலும் நல்ல வெப்பக் காப்பு இல்லாவிட்டால் உருகாமலே நின்றுவிடலாம்.

சப்ளை வலுவில்லாமல் வோல்டேஜ் இறங்கினால் அலைவு நின்று, இரண்டு மாஸ்ஃபெட்டும் ஒன்றாக ஆன் ஆகி எரிந்துபோகும். ஆகவே நல்ல பவர் சப்ளை, காயிலுக்குத் தண்ணீர் பம்ப், மூசை, வெப்பக் காப்பு எல்லாம் வாங்கியாக வேண்டும். விலை வேறு, செலவு வேறு. கூட்டிப் பார்த்தால் போர்டின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதிதான்.

அப்படியானால் வீண் பொருளா? இல்லை. இண்டக்‌ஷன் எப்படி வேலை செய்கிறது என்று கற்க, ஸ்க்ரூடிரைவர் முனையைப் பழுக்கக் காய்ச்ச, மூசையில் சில கிராம் வெள்ளி உருக்க இது நல்ல பேரம். கிலோ கணக்கில் அலுமினியம் வார்க்க நினைப்பவர்களுக்குக் கரி உலையோ கேஸ் உலையோதான் லாபம்.