வேட்பாளரிடம் கேட்கக் கூசும் கேள்வி

ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் ஆசிரியர் அறையில் ஒரே புலம்பல்: "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அரசியல் அக்கறையே இல்லை, விரலில் மை வைத்துக்கொள்ளக்கூடச் சோம்பல்." வாலாஜாபேட்டையில் தமிழ் கற்பித்துக் காலம் கழிக்கும் நாம் இக்குற்றச்சாட்டை ஏற்கவில்லை. அவர்கள் வாழ்வைத் தொடும் சொல் ஒன்றை எந்தப் பிரசார மேடையில் கேட்டோம்?

கருக்கலைப்பு என்பதே அச்சொல். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும்.

நம் முன்னாள் மாணவி ஒருத்திக்குக் காலணித் தொழிற்சாலையில் தையல் வேலை. கைக்குழந்தை பால் மறக்குமுன்பே மீண்டும் கருவுற்றாள். மருத்துவம் நாடிச் சென்ற இடத்தில், "கணவர் கையெழுத்து வேண்டும்" என்றார்கள். கணவனோ வெளியூரில். மருந்துக் கடையில் யாரோ வாங்கித் தந்த மாத்திரையை விழுங்கிவிட்டு, உதிரப்போக்கோடு மூன்று நாள் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தாள். பிழைத்தது அவளது நல்லூழ்.

அந்தக் கையெழுத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினெட்டு வயது நிறைந்த, மனநலமுடைய பெண்ணுக்கு அவளது ஒப்புதலே போதும். கருத்தடை தவறியது என்ற காரணத்தை மணமாகாத பெண்ணும் கூறலாம் என 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் வழிவிட்டது. 20 வாரத்திற்கு மேல் 24 வாரம் வரை அனுமதிப்பதில் மணமானவர், மணமாகாதவர் என்று பிரிப்பது தகாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் இறுதிச் சொல் இன்றும் மருத்துவரின் கருத்தில்தான் நிற்கிறது. பெண் கேட்டாலே கிடைக்கும் உரிமையாக அது இன்னும் எழுதப்படவில்லை.

"சட்டத்திற்கும் நம் ஊர்த் தேர்தலுக்கும் என்ன தொடர்பு?" என்பர். சட்டம் நாடாளுமன்றத்தினது, மருத்துவமனையோ மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மகப்பேறு மருத்துவர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா, இல்லாத கையெழுத்தை எவரேனும் கேட்கிறார்களா என்று விசாரிக்க வேண்டியவர் நம் சட்டமன்ற உறுப்பினரே. "பெண்கருவை அழிக்கவா?" என்று மடக்குவோர்க்கும் ஒரு சொல்: பாலறிந்து கலைப்பதைத் தடுக்க 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தனியே உண்டு. அதைக் காட்டி இதை மறுப்பது, கள்ளச்சாராயத்துக்கு அஞ்சி இருமல் மருந்தைப் பூட்டிவைப்பது போன்றதே.

கர்நாடகத்தைச் சேர்ந்த பல்மருத்துவர் சவிதா ஹலப்பனவர், கருக்கலைப்பு மறுக்கப்பட்டு 2012-இல் அயர்லாந்தில் இறந்தார். 2018 மே 25 அன்று அந்நாட்டில் பொதுவாக்கெடுப்பு. வெளிநாடுகளில் வேலை பார்த்த இளைஞர்கள் விமானமேறி வந்து வாக்களித்தனர். 66 விழுக்காட்டினர் தடையை நீக்கச் சொன்னார்கள். நம் நாட்டுப் பெண்ணொருத்தியின் சாவு அயலாரை ஊர் திரும்ப வைத்தது. நம் பிள்ளைகள் பெங்களூரிலிருந்து வரவில்லையே என்று நாம் நொந்துகொள்கிறோம். அங்கே விடை சொல்லத் தக்க வினா இருந்தது. இங்கே வினாவே இல்லை.

கருத்தடை பெண்ணின் விடுதலைக்கே என்று பெரியார் வாதிட்ட மண் இது. நாமோ வகுப்பில் களவொழுக்கத்தை ஒரு பருவம் முழுதும் நடத்திவிட்டு, கரு என்ற சொல் வந்ததும் பக்கத்தைப் புரட்டுகிறோம். குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏற வேண்டியவர் நாமே.

மாணவியரே, பதினேழு வயதிலேயே படிவம் 6-ஐ முன்கூட்டி அளிக்கலாம். தொழிற்சாலைத் தோழியரே, வாக்குப்பதிவு நாள் உங்களுக்குச் சம்பளத்தோடு கூடிய விடுமுறை, கேட்டு வாங்குங்கள். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம், "எங்கள் மருத்துவமனையில் என் கையெழுத்து மட்டும் போதுமா?" என்று கேளுங்கள். மழுப்பினால், பின்னால் வரும் அடுத்த வேட்பாளரையும் விடாதீர்கள்.