செருகியே கிடக்கும் சார்ஜர்



திருக்கேதீஸ்வரமானாலும் மன்னார் தீவானாலும், போனைக் கழற்றிய பிறகும் சார்ஜர் சுவரிலேயே கிடக்காத வீடு அரிது. "இது கரண்டைக் குடிக்காதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பக்கத்துத் தீவில் 2020 டிசம்பரில் 30 காற்றாலைகளுடன் தம்பபவனி திறக்கப்பட்ட பிறகும், 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேர மின்வெட்டைக் கண்டவர்கள் அல்லவா நாம்!

கணக்கைப் பார்ப்போம். இன்றைய நல்ல சார்ஜர் சும்மா கிடக்கும்போது இழுப்பது ஏறக்குறைய 0.1 வாட். ஆண்டு முழுதும் கிடந்தாலும் ஒரு யூனிட் ஆகாது. ஆளில்லாத அறையில் 75 வாட் மின்விசிறி ஒரு மணி நேரம் சுழன்றால், அந்தச் சார்ஜரின் ஒரு மாதச் செலவு போய்விடும். எனவே வீண்விரயத்தைத் தடுக்க நினைப்பவர்கள் முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள்.

அப்படியானால் சார்ஜரை விட்டுவிடலாமா? கூடாது. தொங்கும் வயரின் நுனியைத் தவழும் குழந்தை வாயில் வைக்கும். நல்ல சார்ஜரில் அங்கே பொதுவாக 5 வோல்ட்தான். மலிவான போலிச் சார்ஜரில் உள்காப்பு பழுதானால், சுவரிலுள்ள 230 வோல்ட்டே நுனிக்கு வந்துவிடலாம். கடலோர உப்புக் காற்று உள்ளிருக்கும் உலோகத்தை அரிக்கும். மாரிகால மின்னலும் மின்கம்பி வழியே வீட்டுக்குள் பாயும்.

போனைக் கழற்றியதும் சுவிட்சை அணையுங்கள். சார்ஜரையும் கழற்றி, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அளவுக்கு மீறிச் சூடாகும் சார்ஜரையும், கருகல் வாடை வீசும் சார்ஜரையும் இன்றே ஒதுக்கிவிடுங்கள். பிள்ளைகளுக்கும் இப்பழக்கத்தைச் சொல்லிக் கொடுங்கள்.