கடலுக்கு முதுகு காட்டாதீங்க!

சனி, ஞாயிறு கடலோரம் போய்விட்டு வந்தவர்களின் வாட்ஸ்அப் குரூப்பைத் திங்கட்கிழமை காலையில் பார்த்திருக்கிறீர்களா? 'உன் போன்ல எடுத்ததை அனுப்புடி', 'அதுல நான் கண்ணை மூடியிருக்கேன், டெலிட் பண்ணு' என்று மெசேஜ் வந்து விழுந்துகொண்டே இருக்கும். மொத்தம் ஐந்நூறு போட்டோ தேறும். ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கும்படி அதில் எத்தனை?

நாங்கள் கல்லூரித் தோழிகள் நான்கு பேர் போன வாரம் தரங்கம்பாடி போயிருந்தோம். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை, 1701-ல் எழுந்த சீயோன் தேவாலயம், அலை தொடும் தூரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் என்று போட்டோவுக்குப் பஞ்சமில்லாத ஊர்.

முதலில் வெளிச்சம். நம் கிழக்குக் கரையில் சூரியன் கடலில்தான் உதிக்கும். காலையில் கடலைப் பின்னால் வைத்து எடுத்தால் முகம் கறுத்துவிடும். திரையில் முகத்தின் மேல் விரலால் தொட்டால் ஓரளவு வெளிச்சம் கூடும். சாயங்காலம் அப்படியே தலைகீழ். சூரியன் ஊர்ப்பக்கம் இறங்குவதால் கடல் பின்னால் இருக்க, முகத்தில் இதமான வெயில் விழும். குரூப் போட்டோவுக்கு அதுதான் நேரம். உச்சிவெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே நிழல்தான் மிஞ்சும். அந்த நேரத்தில் மீன் குழம்புச் சாப்பாட்டைக் கவனிக்கலாம்.

படம் மங்கலாக வருகிறதா? உப்புக்காற்று லென்ஸில் படிந்திருக்கும். புடவை முந்தானையால் அழுத்தித் துடைக்காதீர்கள், மணல் இருந்தால் கீறிவிடும். முதலில் ஊதிவிட்டு, பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். கடலுக்கு முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். ஒரே அளவில் வந்துகொண்டிருக்கும் அலைகளுக்கு நடுவே திடீரென்று பெரியது ஒன்று வரும். திரும்பிப் போகும்போது காலடி மணலையும் உருவிக்கொண்டு போகும். அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்கள் பார்க்க அழகுதான், ஆனால் பாசி படிந்தால் வழுக்கும். படம் எடுக்கும்போது யாராவது ஒருத்தர் கடலைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

வலை பின்னும் அண்ணன், மீன் கூடை தூக்கும் அக்கா எல்லாம் நம் படத்துக்காக நிற்பவர்கள் இல்லை. 'எடுத்துக்கலாமாக்கா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் போனை இறக்கிவிடுங்கள்.

ஆளில்லாமலும் இடத்தை ஒரு படம் எடுத்து வையுங்கள். மாசிலாமணிநாதர் கோயில் பாண்டியர் காலத்தில், 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இன்று நாம் நிற்கும் கரை பத்து வருடம் கழித்து அப்படியே இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

கரை மட்டுமா? எங்கள் செட்டில் முன்பு ஐந்து பேர். எல்லா டூரிலும் கேமராவைப் பிடித்திருந்தவள் போன வருடம் காலமாகிவிட்டாள். படத்துக்கு மாலை போட வேண்டும் என்று அவள் மகன் போட்டோ கேட்டபோது எல்லோரும் போனைத் துழாவினோம். நாங்கள் சிரிக்கும் படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அத்தனையும் அவள் எடுத்தவை. அவள் இருந்தது மூன்றே மூன்றில். ஒன்றில் பாதி முகம்.

அதனால் தரங்கம்பாடியில் ஒரு சட்டம் போட்டோம். மணிக்கு ஒருத்தர் போட்டோகிராபர், அதன் பிறகு போன் கை மாற வேண்டும். ஊருக்குத் திரும்பும் வேனிலேயே ஆளுக்கு ஐந்து படம் தேர்ந்தெடுத்தோம். இருபதையும் ஸ்டுடியோவில் கொடுத்து, ஆளுக்கொரு செட் பிரின்ட் போட்டாகிவிட்டது. நாலு பேரும் எல்லா செட்டிலும் இருக்கிறோம்.

அடுத்த முறை நீங்கள் போகும்போது, போன் யார் கையில் இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். வாங்கிக்கொண்டு, 'நீ போய் நில்லு' என்று சொல்லுங்கள்.